பர்ஹானாவைவிட இரண்டு மில்லிமீட்டர்

பர்ஹானா ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது அதைப் பார்த்துத்தான்.

அந்தக் கல்யாண வீட்டு அறையில் நான் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே செருகிக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றும் என் கேமராவில் விழுந்தது மணப்பெண், அவளுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் ஒருத்தியின் பாதி முகம், யாரோ ஒருத்தியின் வளையல் கை. அவ்வளவுதான். பர்ஹானா சாவகாசமாக உள்ளே வந்தாள், கேமராவைத் தூக்கினாள், ஓர் அமுக்கு, முடிந்தது. மறுநாள் எங்கள் பேகம்பூரில் எந்தப் போனைத் திறந்தாலும் அவள் எடுத்த படம்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். கட்டில் கால் இருந்தது, மேலே மின்விசிறிகூட இருந்தது. என் படத்தில் பாதி முகமாகப் போனவள் என்னிடமே வந்து போனை நீட்டி, "இதுல நான் எம்புட்டு நல்லா விழுந்திருக்கேன் பாருக்கா" என்றாள். பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்திருந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் பள்ளிவாசலில் ஆண்கள் மத்தியில் நடக்கும். அது முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பொண்ணு இருக்கும் அறைக்கு வந்து அவள் கழுத்தில் கருகமணி கட்டுவார்கள். கறுப்பு மணி கோத்த அந்தச் சங்கிலியை மாப்பிள்ளையின் அம்மா கட்டுகிற நிமிசம்தான் ஆல்பத்துக்கே உயிர். அந்த அறைக்குள் ஆண் போட்டோகிராபர் தலை வைத்துப் பார்க்க முடியாது. பெண்தான் எடுக்க வேண்டும். இத்தனை வருசமாக பேகம்பூரில் அந்தப் பெண் நான்தான். "ரஃபியா வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொண்ணுக்குப் பூவே வைப்பார்கள். இப்போது மதுரையில் படித்துவிட்டு நாகல் நகரில் வாக்கப்பட்டு வந்த ஒருத்தி, ஓர் அடி பின்னால் வைக்காமல் அறையையே அள்ளிக்கொண்டு போகிறாள். பார்க்கும்போதெல்லாம் "அக்கா, சாப்டீங்களா?" என்று வேறு கேட்கிறாள். அவள் திமிராக இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் அப்துல் ஹக்கீம் காலையில் ஆப்பம், பாயா கடை போடுகிறவர். கடையை ஏறக்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து அவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்.

"அந்தப் புள்ள நல்லாத்தான எடுத்திருக்கு."

"நல்லாருக்குன்னு இப்ப உங்கள்ட்ட யாரு கேட்டா?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

"சும்மா இருக்கறவங்க வாயையும் சும்மா வச்சுக்கிட்டு இருக்கணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தார். ஊரே பார்த்து முடித்த பிறகு இவர் கவிழ்த்து வைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரமே சைனம்பு மாமி கூப்பிட்டு அனுப்பினார். தோல் வியாபாரம் செய்யும் சாகுல் ஹமீதின் மனைவி. அந்தக் குடும்பத்தில் ஒரு காதுகுத்துகூட நான் இல்லாமல் நடந்ததில்லை. மாமியின் கடைசி மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எல்லாருக்கும் உள் அறையில்தான் கருகமணி கட்டினார்களாம். அதனால் எத்தனை பெரிய மஹால் பிடித்தாலும் கருகமணி அந்த அறையில்தான்.

"ரஃபியா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமி."

"அந்த நாகல் நகர்ப் புள்ள படத்துல அம்புட்டுப் பேரும் விழுந்திருக்காங்க. நீ எடுக்குறதுல மட்டும் ஏன் நாலு பேரு வெட்டுப்பட்டுப் போறாங்க?"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மலேசியாவுல இருக்குற எம் மகனுக ரெண்டு பேரும் வர முடியாதுங்கிறானுக. யாரு யாரு இருந்தாங்கன்னு ஒரே படத்துல பாக்கணும்னு கேக்குறானுக" என்றார் மாமி. "மாப்பிள்ளை வீட்டுல பர்ஹானாவைத்தான் கூட்டிட்டு வாராங்க. அந்த அறை உனக்குத் தெரியும். ரெண்டு கேமராவும் உள்ள நின்னா பொண்ணுக்கு மூச்சு முட்டும். கருகமணி கட்டையில ஒருத்திதான் உள்ள. அம்புட்டுப் பேரையும் எடுக்க உன்னால முடிஞ்சா நீ நில்லு. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, அவ நிக்கட்டும்."

"முடியும் மாமி" என்றேன். என்னிடம் அப்போது இருந்ததிலேயே அகலமானது, கேமரா வாங்கும்போது கூடவே வந்த பதினெட்டு-ஐம்பத்தைந்து லென்ஸ். அந்த எண் மில்லிமீட்டர் கணக்கு, அது குறையக் குறையத்தான் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பதினெட்டை வைத்துக்கொண்டு அந்த அறையில் பொண்ணையும் பொண்ணின் நாத்தனாரையும் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும்.

எல்லாரும் விழ வேண்டும் என்று இவ்வளவு பேசுகிற மாமி, தான் மட்டும் படத்தில் விழமாட்டார். ஹஜ்ஜுக்குப் பாஸ்போர்ட்டுக்காக எடுத்ததுதான் கடைசி. போய் வந்ததும், இனிமேல் என் முகம் படத்தில் விழக் கூடாது என்று நிய்யத் வைத்துக்கொண்டார். மாமியைப் போல் படம் வேண்டாம் என்கிற பெண்கள் எல்லாக் கல்யாணத்திலும் சிலர் உண்டு. அதற்காக அவர்கள் அறையை விட்டு வெளியே போவதில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள். அங்கே நின்றால் விழமாட்டோம் என்று வருசக்கணக்காகப் பழகிப்போனது. மாமி என் வலப் பக்கம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். நான் யாரையும் இங்கே நில், அங்கே நில் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

புது வைடு லென்ஸ் என் கைக்கு எட்டாது. செகண்ட் ஹேண்டில்தான் பார்க்க வேண்டும். யூடியூப்பைத் திறந்தால் ஒவ்வொருத்தரும் ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்குப் போய்விடுகிறார்கள். அருவியை எடுக்கிறார்கள், வானத்தை எடுக்கிறார்கள். பீரோவும் கட்டிலும் போட்ட அறைக்குள் பட்டுப் புடவை கட்டிய நாற்பது பெண்களை எடுப்பது எப்படி என்று ஒருத்தராவது சொன்னால்தானே! கடைசியில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றாகிவிட்டது. பர்ஹானா என்ன லென்ஸ் வைத்திருக்கிறாள்?

அவளிடமே கேட்டிருக்கலாம். சொல்லியிருப்பாள், அக்கா அக்கா என்று லென்ஸைக் கழற்றி என் கையிலேயே கொடுத்திருப்பாள். அதற்குப் பதில் நான் கேமராவை விற்றுவிட்டு ஆப்பம் ஊற்றப் போகலாம்.

மாப்பிள்ளையின் அக்காமார் பொண்ணுக்கு மருதாணி வைக்க வந்த அன்று பர்ஹானாவும் கூட வந்திருந்தாள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பொண்ணின் மருதாணிக் கையை எடுப்பதுபோல் குனிந்து, கைக்குப் பின்னால் இருந்த அவள் மடியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டு அந்த மடியைப் பெரிசாக்கினேன். இன்னும் பெரிசாக்கினேன். லென்ஸின் வளையத்தில் கலங்கலாக எண் தெரிந்தது. பத்து-பதினெட்டு.

"யாரோட மடி இது?" என்றார் வீட்டுக்காரர், முதுகுக்குப் பின்னால் வந்து நின்று.

"உங்களுக்கு எதுக்கு அடுத்த பொம்பள மடி?"

"நீதானம்மா பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு இருக்க" என்றார். அதற்காக அவருக்கு அன்றைக்கு டீ கிடையாது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழனிக்குமார் பழைய கேமரா வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். ஒட்டன்சத்திரத்துக்காரர், வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் மூடமாட்டார். மறுநாளே போய் நின்றேன்.

"ஏனுங்க, என்ன வேலைக்குங்க லென்ஸு?"

"சின்ன ரூமு. நாப்பது பொம்பளைங்க."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலில் அந்தப் பத்து-பதினெட்டு. பிளாஸ்டிக் உடம்பு, கையில் இருப்பதே தெரியாத லேசு. அடுத்தது வேறு கம்பெனியின் பதினொன்று-பதினாறு, வெளிச்சம் குறைந்த இடத்தில் நன்றாக எடுக்குமாம், ஆனால் கனம். மூன்றாவது எட்டு-பதினாறு. அதன் முன்கண்ணாடி உருண்டையாக வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"உங்க வேலைக்கு இந்தப் பத்து-பதினெட்டு போதுமுங்க. கையி லேசா ஆடுனாலும் தாங்கும். விலையும் கம்மி. நாகல் நகர்ல ஒரு பொண்ணு, பர்ஹானான்னு, இதேதானுங்க வாங்கிட்டுப் போச்சு."

"அப்ப அது எனக்கு வேணாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பதினொன்றை நகர்த்தினார்.

"பதினொண்ணுன்னா பத்தை விடக் கொஞ்சமாத்தான விழும்?"

"ஆமாங்க, ஒரு பொடி. ஆனா ரூமுக்குள்ள லைட்டு..."

"அந்த எட்டை எடுங்க."

"அது ரொம்ப அகலமுங்க. பாத்துப் புழங்கோணும். ஓரத்துல நிக்கறவிங்க மூஞ்சியெல்லாம் இழுத்துக்குமுங்க. அசந்தா உங்க செருப்பே விழுந்துருமுங்க."

மாட்டிப் பார்த்தேன். அடேயப்பா! அந்தப் பொட்டுக் கடை முழுக்க உள்ளே வந்துவிட்டது. காலண்டர், சாமி படம், வாசலில் நின்ற அவர் வண்டி, மேசைமேல் ஆறிப்போன டீ, எல்லாம். கீழே ஓரத்தில் உண்மையாகவே என் செருப்பு நுனி. பர்ஹானாவின் பத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவு. இரண்டு மில்லிமீட்டர் என்பது விரலில் பார்த்தால் ஒரு எள் அளவு இருக்குமா? எனக்கு அது அவளை விட ஒரு முழம் உயரமாக நிற்கிற மாதிரி இருந்தது. பத்து-பதினெட்டுக்குப் பேசின விலையில் பாதி மேலே போட்டு, தூரத்தில் இருப்பதை எடுக்க வைத்திருந்த நீள ஜூம் லென்ஸையும் கொடுத்து அந்த எட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். பழனிக்குமார் பையில் போட்டுக் கொடுக்கும்போது, "பத்துக்கும் பதினாறுக்கும் நடுவுல வச்சு எடுங்க, நல்லா வரும்" என்றார். பத்தில் வைத்து எடுப்பதற்கா எட்டை வாங்கினேன்?

வீட்டுக்காரரின் கடையில்தான் முதல் படம். கடை முழுக்க விழுந்தது, ஓரத்தில் நின்ற அவரும் விழுந்தார், தலை பூசணிக்காய் மாதிரி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு.

"என்னடி இது, எனக்கு அம்மைக்கட்டு வந்த மாரி இருக்கு?"

"ஓரத்துல நின்னா அப்பிடித்தான். நடுவுல வந்து நில்லுங்க."

"எல்லாரும் நடுவுல நிக்க முடியுமா?" என்றார். எப்போதும் ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

நிக்காஹுக்கு முதல் நாள் அந்த லென்ஸோடு சைனம்பு மாமி வீட்டுக்குப் போய், உள் அறையில் இருந்த பெண்களையெல்லாம் பொண்ணைச் சுற்றி நிறுத்தி ஒரு படம் எடுத்து மாமியிடம் காட்டினேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ், ஒருத்தி விடாம விழுந்திருக்காளுக" என்றார். "நீயே நில்லு ரஃபியா." எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கியதும் மாமி பர்ஹானாவைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க நான் வேலை மெனக்கெட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். "சரி மாமி, அக்காவே எடுக்கட்டும். நான் வாசல்ல நின்னு பாத்துக்கறேன்" என்று சிரித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்து, "புது லென்ஸாக்கா? நல்லாருக்கு" என்றாள். என்ன லென்ஸ் என்று கேட்கவில்லை. எண்ணைக் குனிந்து பார்க்கவில்லை. அவளுக்குப் பொறாமை வருவதற்காக நான் எட்டு வாங்கியிருக்கிறேன், அவள் நல்லாருக்கு என்கிறாள்!

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. கட்டிலில் பொண்ணு, சுற்றிலும் பெண்கள், மல்லிகையும் அத்தரும் வியர்வையுமாக ஒரே புழுக்கம். நான் பீரோவின் ஓரம் நின்றேன். பிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினேன், வெள்ளையடித்த தாழ்ந்த கூரை, வெளிச்சம் அறை முழுக்க ஒரே மாதிரி விழும். மாமி வழக்கம்போல என் வலப் பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசி மகள் அல்லவா.

மாப்பிள்ளையின் அம்மா கருகமணியை எடுத்தார். நான் லென்ஸைப் பத்தில் வைத்துக் கண்ணை வைத்துப் பார்த்தேன். பத்திலேயே எல்லாரும் விழுந்துவிட்டார்கள். உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன, அந்தப் பக்கம் சன்னல் ஓரம் நின்ற சின்னப் பெண் வரைக்கும் எல்லாரும் விழுந்துவிட்டார்கள். அதில் அமுக்கியிருந்தால் முடிந்தது. நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து வாசலைப் பார்த்தேன். பர்ஹானா நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு பொண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் ஒரு பார்வை இல்லை. அவளிடம் இருப்பதுதான் பத்து. அவளிடம் இருப்பதையே நானும் எடுத்தால் நான் எதற்கு இங்கே உள்ளே நிற்கிறேன்? வளையத்தை எட்டுக்குத் திருப்பினேன். முழங்கையில் இருந்த மாமியின் கை விலகியது தெரிந்தது. ஏன் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கருகமணி கழுத்தில் விழுந்தது, அமுக்கினேன்.

பொண்ணு அம்மாவைக் கட்டிப் பிடித்து அழ, பெண்கள் எல்லாரும் துவா கேட்க, அறையே கலகலத்துவிட்டது. நான் கேமராவின் பின்பக்கத்தில் பார்த்தேன். நடுவில் பொண்ணு, கழுத்தில் கருகமணி, சுற்றிலும் நாற்பது முகம். போதும். கார்டைக் கழற்றிப் போனில் மாட்டி, மாமி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அந்த இடத்திலேயே போட்டுவிட்டேன். பர்ஹானா வீட்டுக்குப் போய் நிறத்தையெல்லாம் சரி செய்துதான் அனுப்புவாள். அதற்குள் என் படம் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாலு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மாஷா அல்லாஹ், சூப்பர், யார் எடுத்தது, நம்ம ரஃபியா. பிரியாணி அன்றைக்கு ருசித்த மாதிரி என்றைக்கும் ருசித்ததில்லை. அப்போது பர்ஹானா குனிந்து குனிந்து கூட்டத்துக்குள் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, செத்த வாங்களேன். குரூப்புல போட்ட படத்தை எடுத்துருங்க."

வந்துவிட்டது, என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கழித்து வந்துவிட்டது. என் வாழ்நாளில் ஒரு முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

"ஏம்மா, பொறுக்கலையா?"

"அய்யோ, அதில்லக்கா. வலது ஓரத்தைப் பாருங்க."

"ஓரம் இழுத்துத்தான் இருக்கும். எட்டுன்னா அப்பிடித்தான். உன்கிட்ட பத்து, உனக்குத் தெரியாது" என்றேன். ஒரு வாய் தால்சாவை ஊற்றிப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டேன். அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பாருங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கடைசிக் கவளம் வரைக்கும் பார்க்கவில்லை.

கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். மாமியின் மூத்த மகன் மலேசியாவிலிருந்து எழுதியிருந்தான்: "அம்மா விழுந்திருக்காங்க!" அதற்குக் கீழே இளையவன் இதயம் இதயமாகப் போட்டிருந்தான். "எத்தனை வருசம் ஆச்சு அம்மா மொகத்த படத்துல பாத்து." அவன் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிசாக்கி ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டான். அவன் கம்பெனிக்காரர்கள், கூட்டாளிகள், யார் யாரோ பார்த்துவிட்டார்கள்.

கருகமணி கட்டும் நேரத்தில் பெற்ற மனசு தாங்காமல் மாமி என் முழங்கையை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைத்திருக்கிறார். பழைய லென்ஸாக இருந்தால் மூன்றடி வைத்திருந்தாலும் விழுந்திருக்க மாட்டார். பத்தில் எடுத்திருந்தாலும் விழுந்திருக்க மாட்டார், அதை நான் பிறகு வீட்டில் வீட்டுக்காரரை நிறுத்தி எடுத்தே பார்த்துவிட்டேன். எட்டுக்குத் திருப்பிய பிறகு நான் கேமராவில் பொண்ணின் கழுத்தை மட்டும்தான் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தில், மற்ற எல்லாரையும் விடப் பெரிசாக, மாமியின் முகம். முக்காடு நழுவி, வாய் திறந்து, அழுதுகொண்டு, கன்னமும் தாடையும் ரப்பரைப் பிடித்து இழுத்த மாதிரி. அந்தக் கூடுதல் இரண்டு மில்லிமீட்டரில் விழுந்தது ஒரே ஒரு ஆள்தான்.

குரூப்பிலிருந்து அழித்தேன். எல்லாரும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அழித்து என்ன? பந்தியில் இரண்டு பிள்ளைகள் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவர்களிடமிருந்து அந்தப் போன் கை மாறி, கை மாறி, மாமியின் கைக்கே போய்விட்டது. மாமி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டினால் காலைப் பிடித்தாவது முடித்துவிடலாம்.

"நான் உன் பக்கத்துலதான நின்னேன், ரஃபியா?" என்றார்.

"மாமி, லென்ஸு புதுசு மாமி..."

"உன் பக்கத்துலதான நின்னேன்?"

மாமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பந்தி வீட்டாருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். பின்னால் பர்ஹானா நின்றாள். வாயைத் திறந்திருந்தால் அவளையாவது நான் கடித்துக் குதறியிருப்பேன்.

மறுநாள் நாகல் நகர் மஹாலில் வலிமா. அது மாப்பிள்ளை வீட்டு விருந்து, பர்ஹானாவின் இடம். பொண்ணு வீட்டு ஆல்பத்துக்கு நானும் போயாக வேண்டும். அந்த எட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பதினெட்டு-ஐம்பத்தைந்தை மாட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் மேடையில் பொண்ணை உட்கார வைத்திருந்தார்கள். நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் முன்னால் நின்ற இரண்டு பேர் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். "பழைய லென்ஸுதாம்மா" என்று சிரித்துப் பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை, துப்பட்டாவையும் இறக்கவில்லை.

அப்போது பர்ஹானா மேடைக்கு முன்னால் வந்து நின்று, "படம் வேணாங்கிறவங்க எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால வந்துருங்க. பக்கத்துல நிக்காதீங்க, விழுந்துருவீங்க" என்றாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் எடுப்பதற்கு முன்னால் அவள் இதைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறாளாம், பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். நான் எத்தனை கல்யாணத்தில் அவள் கூடவே நின்றிருக்கிறேன்! அவள் லென்ஸைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அவள் வாய் என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருத்தராக என்னைக் கடந்து போனார்கள். இத்தனை வருசமாக என் தோள் பக்கம் நின்ற அதே பெண்கள். சைனம்பு மாமியும் எழுந்தார். என்னைத் தாண்டும்போது, "சாப்டியா?" என்று கேட்டார், நான் தலையாட்டுவதற்குள் தாண்டிவிட்டார். போய் பர்ஹானாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பர்ஹானா கேமராவில் கண்ணை வைத்துவிட்டு, பிறகு எடுத்தாள்.

"அக்கா, அங்க நின்னா நீங்க விழுறீங்க. படத்துல வாரீங்களா, இல்ல பின்னால வாரீங்களா?"

எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். படத்தில் நிற்க முடியாது. அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். பின்னால் போனேன். பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். மாமிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. மாமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மேடையைப் பார்த்தார். பர்ஹானா அமுக்கினாள், பிளாஷ் அடித்தது, இன்னொன்று என்றாள், மறுபடி அமுக்கினாள். நான் அவள் லென்ஸைப் பார்க்கவே இல்லை. அவள் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.